அந்த இரவு முடிந்துவிட்டது, கேஸ் ஷீட் முடியவில்லை

இந்த வாரக் கடிதம் ஒரு நர்ஸிடமிருந்து வந்திருக்கிறது. நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 26. பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இரண்டரை வருடமாக வேலை பார்க்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நைட் ட்யூட்டி. மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டில் அன்று இரண்டு பேர்தான். அந்த இன்னொருவரும் புது அட்மிஷனைக் கவனிக்கப் போய்விட்டார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு இரவு 18 யூனிட் இன்சுலின் போட வேண்டும். சார்ட்டில் எழுதியிருந்தது கிளார்ஜின், அதாவது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். அந்த அம்மாவின் இரண்டு இன்சுலின் பேனாக்களும் ஒரே ட்ரேயில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு பேனாவைக் கையில் எடுத்தபோது வார்டு போன் அடித்தது. போனை வைப்பதற்குள் வேறொரு கட்டிலிலிருந்து டிரிப் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, 9.40க்கு ஊசியைப் போட்டார். 10 மணிக்கு ட்ரேயை ஒழுங்குபடுத்தும்போதுதான் கவனித்தார்: ஊசி மாட்டியிருந்தது சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற விரைவு இன்சுலின் பேனாவில்.

உடனே ட்யூட்டி டாக்டரை அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டார். டிரிப்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஓடியது, கால் மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தார்கள். 11.10க்கு 52 வரை இறங்கியது. நரம்பு வழியாக மறுபடி குளுக்கோஸ் கொடுத்ததும் ஏறியது. விடியும்வரை அந்தக் கட்டிலை விட்டு அவர் நகரவில்லை. காலையில் வந்த இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னது இது: "பேஷன்ட் நல்லாத்தானே இருக்காங்க. ராத்திரி சுகர் இறங்கிச்சு, குளுக்கோஸ் போட்டோம்னு மட்டும் எழுது. தேவையில்லாம மாட்டிக்காதே." அப்படியே எழுதினார். ட்யூட்டி டாக்டரின் குறிப்பிலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் குறிப்பைப் பார்த்துவிட்டு இரவு இன்சுலினை 18லிருந்து 12 ஆகக் குறைத்தார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பூரா தூங்காம என் பக்கத்துலயே இருந்தியேம்மா, நீ நல்லா இருக்கணும்" என்றாராம்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒவ்வொரு மருந்தையும் ஐந்தாறு தடவை சரிபார்க்கிறார். ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் வார்டுக்கு போன் போட்டு, "ஏழாம் நம்பருக்கு ஆன்டிபயாடிக் போட்டேனா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார். ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறார். அவர் கேட்பது: நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா? பேஷன்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இனி ரிப்போர்ட் எழுதி என்ன பயன்? எழுதினால் என் நர்சிங் பதிவு போய்விடுமா? அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

அன்புள்ள சிஸ்டர்,

நான் ஒரு பொது மருத்துவர். மருத்துவமனையின் நோயாளிப் பாதுகாப்புக் குழுவில் பல வருடம் உட்கார்ந்து, உங்களுக்கு நடந்தது போன்ற சம்பவங்களின் அறிக்கைகளைப் படித்தவன். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. "சில நாள் காலையில் கண் விழிக்காமலே போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது" என்கிறீர்கள்.

அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்தீர்களா? ஆம் என்றால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அவர் கூடவே இருங்கள், நைட் ட்யூட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் இந்த எண்ணத்தை "வந்து போகும்" என்று விடக்கூடாது. அப்படி இல்லை, அலுப்பில் வந்த வார்த்தைதான் என்றாலும், மூன்று வாரமாகத் தூக்கமில்லாத ஒருவர் டாக்டரைப் பார்ப்பதில் தவறே இல்லை. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக எடுத்துக்கொள்ள ஆரம்பிக்காதீர்கள்.

அன்று ராத்திரி நடந்தது

"கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடியிருக்கின்றன. விரைவு இன்சுலின் ஊசி போட்ட கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். 18 யூனிட், அதுவும் தூங்கப்போகிற நேரத்தில், முன்னாலோ பின்னாலோ சாப்பாடு இல்லாமல். நீங்கள் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த அம்மா தூக்கத்திலேயே நினைவிழந்திருப்பார். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 20 நிமிடத்தில் கண்டுபிடித்து, உடனே டாக்டரைக் கூப்பிட்டு, "நான் மாற்றிப் போட்டுவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னீர்கள். அந்த அம்மாவைக் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம். அனுபவம் உள்ளவர்களுக்கே அது தொண்டையில் சிக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

லாயக்கில்லாதவளா என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தை எங்கள் குழுவுக்கு வந்த அறிக்கை மாதிரி நினைத்துப் படித்தேன். ஒருவர் குறைவாக இருந்த வார்டு. ஒரே ட்ரேயில் ஒரே ஆளின் இரண்டு வகை இன்சுலின். மருந்து எடுக்கும் நேரத்தில் போன், அதன்மேல் இன்னொரு கூப்பிடல். இன்சுலினை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும், அந்த இரண்டாவது ஆள் இல்லை. அதே ட்ரேயை அதே நிலைமையில் வேறொருவர் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை நாங்கள் ஒவ்வொரு சம்பவத்திலும் கேட்போம். உங்கள் விஷயத்தில் பதில், பெரும்பாலும் இதேதான் ஆகியிருக்கும்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. 2010இல் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்சுகள் மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் யாராவது குறுக்கிட்டிருந்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது. அன்று உங்களை இரண்டு தடவை இழுத்தார்கள். இன்சுலினோ, "மாறிப்போனால் பெரிய கேடு" என்று உலகம் முழுக்கத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிற மருந்து. செறிவான பொட்டாசியம், ஹெபாரின், மார்ஃபின் வகைகளோடு அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் பங்கும் உண்டு. போனை எடுக்கும்முன் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம், திரும்பி வந்ததும் முதலிலிருந்து சார்ட்டைப் பார்த்திருக்கலாம். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொண்டும் விட்டீர்கள்.

18 ஏன் 12 ஆனது?

நீங்கள் வருத்தத்தோடு எழுதிய எதையும்விட, சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு விவரம்தான் எனக்குக் கவலை தருகிறது. பெரிய டாக்டர் இரவு இன்சுலினை 18லிருந்து 12 ஆகக் குறைத்தார்.

ஏன் குறைத்தார்? கேஸ் ஷீட்டில் "இரவு சர்க்கரை இறங்கியது" என்று இருந்தது. காரணம் இல்லை. கிளார்ஜின் போட்ட இரவில் சர்க்கரை 52 ஆனது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் குறைத்திருப்பேன். உண்மையில் அன்று கிளார்ஜின் போடவே இல்லை. 18 யூனிட் அந்த அம்மாவுக்கு அதிகம் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. அப்படியிருக்க, மூன்று வாரமாக அவர் வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு இன்சுலினோடு இருக்கலாம். சர்க்கரை மெல்ல ஏறிக்கொண்டிருக்கலாம்.

"பேஷன்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்களும் இன்சார்ஜ் சிஸ்டரும் நினைத்தீர்கள். ஊசியால் வந்த ஆபத்து அன்று விடிவதற்குள் முடிந்துவிட்டது. பாதி எழுதிய குறிப்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த அம்மா கையைப் பிடித்து வாழ்த்தியபோது கூசியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? ஊசியை மாற்றிப் போட்டதற்காக மட்டும் இருக்காது. அவருக்குத் தெரியாத ஒன்று உங்களிடம் இருந்தது.

ஆகவே முதல் வேலை, ரிப்போர்ட்டுக்கும் முன்னால், சிகிச்சை தந்த டாக்டரிடம் இன்றே பேசுவது. நாலு வரி போதும்: "டாக்டர், அந்த அம்மாவுக்கு அன்று இரவு சர்க்கரை இறங்கியது கிளார்ஜினால் அல்ல. நான் தவறுதலாக 18 யூனிட் விரைவு இன்சுலின் போட்டுவிட்டேன். ட்யூட்டி டாக்டருக்கு அப்போதே தெரிவித்தேன், ஆனால் குறிப்பில் எழுதவில்லை. நீங்கள் அளவைக் குறைத்தது அதை வைத்துத்தான் என்றால், ஒருமுறை பார்க்க முடியுமா?" ட்யூட்டி டாக்டரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. அளவைக் கூட்டுவதா, வரச்சொல்லிப் பரிசோதிப்பதா என்பதைப் பெரிய டாக்டர் முடிவு செய்வார். பதற்றத்தில் நீங்களாக அந்த அம்மா வீட்டுக்கு போன் போட்டு 18 போடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

எழுதும்போது

ரிப்போர்ட் என்றதும் அது நமக்கு எதிராக நாமே எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. நல்ல ரிப்போர்ட் அப்படி இருக்காது. "கவனக்குறைவால்", "என் அலட்சியத்தால்" போன்ற வார்த்தைகள் வேண்டாம். நடந்தது மட்டும், நேரத்தோடு: எந்த மருந்து எழுதப்பட்டிருந்தது, எது போடப்பட்டது, எவ்வளவு, எப்போது தெரியவந்தது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது, என்ன சிகிச்சை, ஒவ்வொரு நேரத்திலும் சர்க்கரை எவ்வளவு. அதோடு சூழ்நிலையையும் எழுதுங்கள். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர், இரண்டு பேனாக்களும் எங்கே இருந்தன, எத்தனை குறுக்கீடு. சாக்குச் சொல்கிறோமோ என்று தயங்கி எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி இது. அடுத்த நர்ஸைக் காப்பாற்றப் போவதும் இந்தப் பகுதிதான். இரண்டு வகை இன்சுலினையும் தனித்தனி ட்ரேயில் வைக்க எங்கள் இடத்தில் முடிவெடுத்தது ஒரு ஜூனியர் நர்ஸ் எழுதிய அரைப்பக்க ரிப்போர்ட்டைப் படித்த பிறகுதான்.

கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியதை அடிக்கவோ, பழைய தேதியில் இடைச்செருகவோ கூடாது. இன்றைய தேதியும் நேரமும் போட்டு, "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, இன்ன தேதி இரவு நடந்தது பற்றி என்று குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைக்கு என்று ஒரு நடைமுறை இருந்தால் அதன்படி. பின்னால் எந்த விசாரணை வந்தாலும், தாமதமாக எழுதியதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். திருத்தி எழுதியதற்கு விளக்கம் சொல்வது கடினம்.

எழுதுவதற்கு முன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று இருக்கக்கூடாது. அவரைக் கெட்டவராக நான் பார்க்கவில்லை. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஒருவேளை அவர் இளவயதில் உண்மையைச் சொல்லி அடிபட்டவராகவும் இருக்கலாம். "சிஸ்டர், அன்றைக்கு எனக்காகத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அந்தக் குறிப்பைப் பார்த்து இன்சுலினைக் குறைத்துவிட்டார்கள். அதனால் எழுதியே ஆக வேண்டும், நீங்களும் கூட இருந்தால் நல்லது" என்று கேளுங்கள். மறுத்தால், நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் போங்கள். கொடுக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கேஸ் ஷீட்டை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள், அதுவே தனியாக ஒரு குற்றச்சாட்டாகலாம்.

பதிவு போய்விடுமா?

நர்ஸுக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து நடுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது அமெரிக்காவின் டென்னசி மாநில வழக்காக இருக்க வேண்டும். 2017 கடைசியில், பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கவைக்கும் வெக்குரோனியம் போடப்பட்டு ஒரு நோயாளி இறந்தார். 2022 மார்ச்சில் அந்த நர்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மே மாதம் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. சிறைத்தண்டனை இல்லை. பதிவு அதற்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. அவர் தன் தவறை அப்போதே ஒப்புக்கொண்டவர். அதனால்தான் உலகம் முழுக்க நர்சுகள் கலங்கிப்போனார்கள். உண்மையைச் சொன்னவரைக் கூண்டில் ஏற்றினால் இனி யார் சொல்வார்கள் என்று கேட்டார்கள். என் கேள்வியும் அதுதான்.

ஆனால் அந்த வழக்கையும் உங்கள் நிலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு உயிர் போனது. கணினி வைத்த மருந்து அலமாரியின் எச்சரிக்கைகளையும் குப்பி மூடியில் இருந்த எச்சரிக்கையையும் தாண்டிப் போனார் என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த மரணத்தின் உண்மைக் காரணம் உரிய அதிகாரிகளுக்குப் பல மாதம் தெரிவிக்கப்படாமலே இருந்து, பெயரில்லாத ஒரு புகாரால்தான் வெளியே வந்தது. மூடி வைத்தது அங்கேயும் யாரையும் காப்பாற்றவில்லை.

பாதுகாப்புக் குழுக்களில் நாங்கள் தவறுகளை மூன்றாகப் பார்ப்போம். கைதவறியது ஒன்று. எல்லோரும் பழகிவிட்ட குறுக்குவழியில் போனது இரண்டாவது. ஆபத்து என்று தெரிந்தும் துணிந்து செய்தது மூன்றாவது. முதலாவதற்கு ஆறுதலும் சூழ்நிலை மாற்றமும், இரண்டாவதற்குப் பயிற்சியும், மூன்றாவதற்கு மட்டும் நடவடிக்கையும் என்பது பொதுவான அணுகுமுறை. உங்கள் ஊசி முதல் வகை. தெரிந்தே பாதியை விட்டு எழுதியது முதல் வகையில் நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நீங்களாக முன்வந்து திருத்தினால் பார்வை நிச்சயம் வேறாக இருக்கும். சட்டமும் நர்சிங் கவுன்சில் விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். எல்லா நிர்வாகமும் நியாயமாக நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் முடியாது. மெமோ வரலாம், விளக்கம் கேட்கலாம், மறுபயிற்சிக்கு அனுப்பலாம். எழுத்தில் விளக்கம் கொடுப்பதற்கு முன், உங்கள் நர்சிங் சங்கத்தையோ ஒரு வழக்கறிஞரையோ பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தொழில்முறைக் காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். ஆனால் இவை எதற்காகவும் டாக்டரிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். என் கருத்தில் இதில் இரண்டு பேச்சு இல்லை. அது அவர் உடம்பில் நடந்தது. ஆனால் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லி, காலில் விழுந்து அழுதுவிட்டு வருவது சரியாக இருக்காது. அப்புறம் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். டாக்டர் பேச வேண்டும், நீங்கள் விரும்பினால் கூட இருக்கலாம். என்ன நடந்தது, அப்போது என்ன செய்தோம், இப்போது இன்சுலின் அளவு ஏன் மாறுகிறது, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம், மன்னியுங்கள். இவ்வளவுதான். சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்ற பயம் நிர்வாகங்களுக்கு எப்போதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2001 முதல் தவறுகளைத் தாங்களாகவே நோயாளிகளிடம் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 2010இல் கணக்குப் பார்த்தபோது வழக்குகள் குறைந்திருந்தன. கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். அந்த அம்மாவும் கோபப்படலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

ஐந்தாறு தடவை பார்ப்பது பற்றி

என் பயிற்சிக் காலத்தில், இதயத்துடிப்பு சீராக இல்லாத ஒருவருக்கு டிகாக்ஸின் எழுதினேன். 0.25 மில்லிகிராம் எழுத வேண்டியது. 2.5 என்று எழுதிவிட்டேன். விடியற்காலை நாலு மணி இருக்கும். ஒரு சிஸ்டர் சார்ட்டோடு வந்து நின்றார். உள்ளங்கையில் மாத்திரை அட்டை ஒன்று. "டாக்டர், இந்த அட்டை முழுசும் கொடுத்தாத்தான் நீங்க எழுதுன கணக்கு வரும். பத்து மாத்திரை. கொடுக்கட்டுமா?" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை, உண்மையிலேயே கேட்கிற மாதிரி கேட்டார். திருத்தி எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது. அன்றைக்கு எனக்கும் தவறுக்கும் நடுவில் அவர் நின்றார். உங்களுக்கு அப்படி நடுவில் நிற்க அன்று யாரும் இல்லை. நான் நல்ல டாக்டர் என்று பெயரெடுத்ததற்கும் நீங்கள் தூக்கமில்லாமல் கிடப்பதற்கும் இடையில் இருப்பது அந்த ஒரு ஆள்தான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் தனியாக ஐந்தாறு தடவை பார்ப்பதால் வராத பாதுகாப்பு, இன்னொருவர் ஒரே தடவை பார்ப்பதில் வருகிறது. ஒரே கண் திரும்பத் திரும்பப் பார்த்தால், தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும். அதற்குள் மருந்து ரவுண்டு தாமதமாகும், அவசரம் கூடும், அடுத்த தவறுக்கு அதுவே வழி. மூன்று இடத்தில் பாருங்கள்: மருந்தை எடுக்கும்போது, தயார் செய்யும்போது, கட்டிலருகில் கொடுக்கும் முன். நடுவில் யாராவது இழுத்தால் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள். கொடுத்ததும் கையெழுத்து. அதோடு அந்த மருந்து முடிந்தது. இன்சுலின் போன்றவற்றுக்கு இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருங்கள். அவரிடம் "கிளார்ஜின் 18, சரிதானே?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சார்ட்டையும் பேனாவையும் கொடுத்து, "என்ன மருந்து, எவ்வளவுன்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்து வார்டுக்கு போன் போடுவதை இந்த வாரம் ஒரு நாளாவது தவிர்த்துப் பாருங்கள். அந்தப் பதற்றம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். போன் போட்டு இறக்கினால் மறுநாள் இன்னும் பெரிதாக வரும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடினால், இன்சுலின் பேனாவைத் தொடவே உடம்பு வியர்த்தால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று 2000இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் குறிப்பிட்டார். உறவை இழந்த குடும்பங்கள் சில அந்தச் சொல்லை ஏற்கவில்லை. தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவர் என்பதா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. எனக்கும் அந்தச் சொல்லில் முழுச் சம்மதமில்லை. ஆனால் அது சுட்டுகிற வலி உண்மை. 2009இல் சூசன் ஸ்காட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இப்படித் தவித்த 31 மருத்துவப் பணியாளர்களிடம் பேசி, அவர்கள் கடக்கிற ஆறு கட்டங்களை எழுதினார்கள். முதலில் குழப்பம், பிறகு அந்தக் காட்சியே மனதில் ஓடிக்கொண்டிருப்பது, பிறகு கூட வேலை செய்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தவிப்பு. நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில் சிலர் வேலையை விட்டார்கள், சிலர் எப்படியோ ஓட்டினார்கள், சிலர் முன்பைவிட நன்றாக வேலை செய்தார்கள்.

அதனால் அந்த ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கமில்லாத மூன்றாவது வாரத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது. இப்போது விட்டுப் போனால் உங்கள் பார்வையில் அது தண்டனை, வார்டின் பார்வையில் ஒரு பிரச்சினை தானாகப் போய்விட்டது, அந்த ட்ரே அப்படியே இருக்கும். சில வாரத்துக்குப் பகல் ஷிஃப்ட் கேளுங்கள், இன்சுலின் ரவுண்டில் சீனியர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று கேளுங்கள். இதெல்லாம் கேட்கக்கூடிய விஷயங்கள்தான். உண்மையை எழுதியதற்காக உங்களைப் பிழிந்தெடுக்கிற இடம் அது என்று தெரிந்தால், அப்போது வேறு இடம் பாருங்கள். அப்படிப் போவது தப்பி ஓடுவது ஆகாது.

இனியும் காத்திருக்க வேண்டாம், பெரிய டாக்டர் இன்று ரவுண்ட்ஸ் வருவார் அல்லவா, அப்போதே நில்லுங்கள். பேசிய பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு இப்போது சர்க்கரை எவ்வளவு, இன்சுலின் எத்தனை யூனிட் ஆக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.